நான்முகனும் மகாபிரமனும்

சோழர் காலத்துச் சிவாலயங்களிலும், அவ்வமைப்பைத் தழுவி எழுந்த பிற ஆலயங்களிலும் கருவறையை வலம் வருவோர், தெற்குக் கோட்டத்திலே தட்சிணாமூர்த்தியையும் மேற்குக் கோட்டத்திலே இலிங்கோற்பவரையும் வணங்கி வடபுறம் திரும்பும்போது, நான்கு முகங்களோடு கூடிய ஒரு மூர்த்தியைக் காண்பர். அவனே படைத்தற் கடவுளாகிய பிரமன். அருகிலுள்ள துர்க்கையம்மைக்கு விளக்கேற்றுவோர் பலர். சண்டேசுரர் முன்னிலையிலே கைதட்டித் தம் வரவை உணர்த்துவோரும் பலர். நான்முகனை நின்று நோக்குவோர் மிகச் சிலர். தனிக்கோயிலை நாடினாலோ, இராசத்தானத்துப் புட்கரம், குசராத்துக் கேட்பிரமா எனச் சிலவற்றையே எடுத்துக் கூறலாம். தமிழ்நாட்டிலே திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள உத்தமர்கோயிலிலும் திருப்பட்டூரிலும் அவனுக்குச் சிறப்பான சந்நிதிகள் உள. ஆயினும் அவை பிற தெய்வங்களுக்குரிய ஆலயங்களின் உள்ளே அமைந்தவை.

சமய பாடம் நடைபெறும்போது மாணவர் பலகாலும் எழுப்பும் வினாக்கள் இரண்டு. உலகைப் படைத்தவனுக்குக் கோயில் அரிதாயது ஏன் என்பது ஒன்று. படைப்போன் ஒருவன் உளன் என்பதை ஒப்பாத பௌத்தத்தின் நூல்களிலே பிரமன் பல இடங்களில் வருவது எங்ஙனம் என்பது மற்றொன்று. இரண்டாம் வினாவுக்கு வெளியே வழங்கும் விடைகளும் இரண்டாகும். "எல்லாம் ஒன்றே, பெயர் மாத்திரம் வேறு" என்பார் ஒரு சாரார். "நம் தெய்வத்தை எடுத்துச் சென்று இழிவுபடுத்தினர்" என்பார் மற்றொரு சாரார். இரண்டும் மூலக் கதைகளை உட்புகுந்து படியாதார் கூற்றேயாம். இந்துக்களும் பௌத்தர்களும் அடுத்தடுத்து வாழும் இத்தீவிலே இத்தகைய அவசர விடைகள் கேட்போர் மனத்தில் எளிதிற் பதிந்து தீங்கு பயப்பன. ஆதலின், இரு மரபுகளும் பிரமனைப் பற்றிக் கூறுவன யாவை என்பதை ஒருங்கு வைத்து நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொருளும்

முதற்கண் ஒரு சொல்லாராய்ச்சி வேண்டும். பிரமம் என்பது வேறு. பிரமன் என்பது வேறு. வடமொழியிலே முன்னையது நபுஞ்சக லிங்கம், பின்னையது ஆண்பால். உபநிடதங்கள் ஆராயும் பரம்பொருள் பிரமம். நான்கு முகமும் கமண்டலமும் அன்ன வாகனமும் உடையவனாய்ப் புராணங்களிற் பேசப்படுவோன் பிரமன். தமிழிலே ஈற்றெழுத்து ஒன்றே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகின்றது. அவ்வெழுத்தைக் கவனியாதவன் இரு சமயங்களின் வாதத்தையும் பிழைபடவே விளங்கிக்கொள்வான். பாளிச் சூத்திரங்கள் எடுத்து ஆராய்வது பெரும்பாலும் பிரமனாகிய தேவனையே.

தமிழிலே அவனுக்கு வழங்கும் பெயர்கள் பல: நான்முகன், திசைமுகன், மலரோன், கமலத்தோன், விதி, அயன். இவற்றுள் அயன் என்பது அஜன் என்னும் வடசொல்லின் திரிபு. பிறவாதவன் என்பது அதற்குக் கூறப்படும் பொருள்களுள் ஒன்று. பிறவாதவன் என்னும் பெயர் பூண்ட இவனுக்குப் பிறப்பும் உண்டு, இறப்பும் உண்டு என்று இந்து நூல்களும் பௌத்த நூல்களும் ஒருங்கே கூறுதல் கருதத்தக்கது.

வேதத்திலிருந்து புராணம் வரை

இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்து 121ஆம் சூக்தம், தொடக்கத்தில் எழுந்த பொற்கருவாகிய இரணியகர்ப்பனைப் பாடுகின்றது. எத்தேவனுக்கு நாம் அவி சொரிவோம் என்னும் வினா அதிலே மீட்டும் மீட்டும் வருகின்றது. இறுதி மந்திரமே பிரசாபதி என்று பெயர் கூறி விடையளிக்கின்றது. அதனை அடுத்துச் சிறிது பின்னே வரும் 129ஆம் சூக்தமோ, படைப்பு எங்கிருந்து வந்தது என்று வினவி, மேலிருந்து நோக்குவோனும் அதனை அறிவானோ அறியானோ என்ற ஐயத்தோடு முடிகின்றது. படைத்தோனின் அறிவுக்கும் எல்லை இருத்தல் கூடுமோ என்னும் வினா, இங்ஙனம் வேதத்திலேயே விதைக்கப்பட்டுவிட்டது.

சதபத பிராமணத்திலே, நீர்மேல் மிதந்த பொன்முட்டையிலிருந்து பிரசாபதி வெளிப்பட்ட வரலாறு வருகின்றது. நிலத்தைத் தூக்கிய பன்றியும், படைப்புக்கு மூலமான ஆமையும் அந்நூலிலே பிரசாபதியோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. பிற்காலத்தில் அவ்விரு வடிவங்களும் திருமாலின் அவதாரங்களாயின. சிவனையும் திருமாலையும் முழுமுதலாகக் கொண்ட வழிபாடுகள் வளர வளர, முன்பு பிரசாபதிக்கு உரியனவாயிருந்த செயல்கள் அவர்பாற் சென்று சேர்ந்தன. பிரமனுக்கு எஞ்சியது படைத்தல் என்னும் ஒரு தொழிலே. அதுவும் பிறர் பணிக்கச் செய்யும் தொழிலாயிற்று. வைணவர் அவனைத் திருமாலின் உந்திக்கமலத்தில் உதித்தவன் என்றனர். சைவர் அவனைச் சிவன் அருளால் அதிகாரம் பெற்ற ஓர் ஆன்மாவாகக் கொண்டனர். சுவேதாசுவதர உபநிடதமும், ஆதியிலே பிரமனைப் படைத்து அவனுக்கு வேதங்களை அளித்தவன் ஒருவன் உளன் என்று கூறுகின்றது. படைத்தவனும் படைக்கப்பட்டவனே என்பது இந்து மரபின் முடிபு.

நாள் எண்ணப்பட்ட கடவுள்

பிரமனுடைய ஆயுளை நம் நூல்கள் கணக்கிட்டு வைத்துள்ளன. சதுர்யுகம் ஒன்றுக்கு 43,20,000 ஆண்டுகள். அத்தகைய சதுர்யுகங்கள் ஆயிரம் சென்றால் பிரமனுக்கு ஒரு பகல். அஃதாவது 432 கோடி ஆண்டுகள். இரவும் அவ்வளவினதே. இவ்வாறான நாள்கள் 360 கொண்ட ஆண்டுகள் நூறு அவன் வாழ்நாள். பெருக்கிப் பார்ப்பின் 3,11,04,000 கோடி ஆண்டுகள் வரும். அவ்வயதிலே பாதி கழிந்துவிட்டது என்பதும் மரபு. பூசைத் தொடக்கத்திலே அர்ச்சகர் கூறும் சங்கற்பத்தை உற்றுக் கேட்போர், பிரமனது வாழ்நாளின் இரண்டாம் பாதியும், சுவேதவராக கற்பமும் அதிலே குறிக்கப்படுதலை அறிவர். கேட்பார் கருத்தூன்றாவிடினும், படைத்தவனுக்கு வயதாகின்றது என்பது ஒவ்வொரு பூசையிலும் நமக்கு நினைவூட்டப்படுகின்றது.

பௌத்தர் கணக்கும் இதற்கு இணையானதே. தேரவாத மரபு, பிரமலோகங்களை உருவமுள்ளன 16, உருவமற்றன 4 என இருபதாக வகுக்கின்றது. அவற்றுள் முதல் தியானத்துக்கு உரிய மூன்று உலகங்களில் உயர்ந்ததன் தலைவன் மகாபிரமன். அவனுடைய வாழ்நாள் கற்பக் கணக்கினது, ஆயினும் முடிவுடையது. அங்கே பிரமன் என்பது ஒருவனின் இயற்பெயரன்று. ஒரு பதவியின் பெயர். தியானத்தாலும் அறத்தாலும் அப்பதவியை அடைந்தோர் பலர். புண்ணியம் தீர்ந்தவுடன் அதனை நீங்குவோரும் பலர். நம் மரபிலும், வருங்காலத்துப் பிரமபதம் அனுமனுக்கு உரியது எனக் கூறுவார் உளர். பதவியாயின் அதற்கு மேலே ஒருவர் இருத்தலும், அதற்கு ஒரு கால எல்லை இருத்தலும் இயல்பே அன்றோ?

வெறுமையான மாளிகை

இனி, இரு மரபுகளும் மிக நெருங்கி வரும் ஓரிடத்தை நோக்குவோம். பிருகதாரணியக உபநிடதத்து முதல் அத்தியாயத்திலே ஒரு படைப்பு வரலாறு வருகின்றது. ஆதியில் இருந்தவன் ஒருவனே. அவன் சுற்றிலும் நோக்கித் தன்னையன்றி வேறொன்றையும் காணாதவனாய், முதன்முதல் "நான் இருக்கிறேன்" என்றான். பின் அஞ்சினான். தன்னையன்றிப் பிறிதில்லாத இடத்து எதற்கு அஞ்சுவது என்று எண்ணி அச்சம் நீங்கினான். ஆயினும் தனிமையிலே அவனுக்கு மகிழ்ச்சி பிறக்கவில்லை. துணை ஒன்றை விரும்பினான். தன்னையே இரு கூறாக்கினான், கணவனும் மனைவியும் ஆயினர், உயிர்கள் பெருகின. இவையனைத்தையும் தோற்றுவித்தமையால் படைப்பாவேனும் நானே என்று அவன் அறிந்தான்.

தீக நிகாயத்தின் முதலாவதாகிய பிரமசால சூத்திரம் கூறுவதை இதனோடு ஒப்பிடுக. நெடுங்காலத்துக்கு ஒருமுறை உலகம் ஒடுங்குகின்றது. அப்பொழுது உயிர்கள் பெரும்பாலும் ஒளியுலகிலே பிறந்து வாழ்கின்றன. மீண்டும் உலகம் விரியத் தொடங்கும்போது, வெறுமையான பிரம மாளிகை ஒன்று தோன்றுகின்றது. ஒளியுலகில் இருந்த ஓருயிர், புண்ணியம் தீர்ந்து அம்மாளிகையிலே பிறக்கின்றது. அங்கே நெடுங்காலம் தனித்திருந்தமையால் அதற்கு மனக்குறை உண்டாகின்றது. பிற உயிர்களும் இங்கு வருமாயின் எவ்வளவு நன்று என்று ஏங்குகின்றது. அக்காலத்திலே, தத்தம் புண்ணியம் தீர்ந்த வேறு சில உயிர்களும் அங்கே வந்து பிறக்கின்றன. முதலில் வந்தவன், "நான் விரும்பினேன்; இவர்கள் வந்தனர். ஆகவே இவர்களைப் படைத்தவன் நானே" என்று கருதுகிறான். பின் வந்தோரும், "நாம் வரும்போது இவன் இங்கே இருந்தான். ஆகவே நம்மைப் படைத்தவன் இவனே" என்று நம்புகின்றனர். பின்னொரு காலத்திலே அவர்களுள் ஒருவன் மண்ணுலகிலே பிறந்து, துறவு பூண்டு, தியானத்தால் தன் முற்பிறப்பை நினைவுகூர்கிறான். அந்நினைவு பிரமலோகம் வரையிலே செல்லுகின்றது, அதற்கப்பாற் செல்லவில்லை. எனவே, பிரமனே நிலையானவன், அவனாற் படைக்கப்பட்ட நாமெல்லாம் நிலையற்றோம் என்று அவன் போதிக்கத் தொடங்குகிறான்.

தனிமை, ஏக்கம், துணை, "நானே" என்னும் எண்ணம் ஆகிய நான்கும் இரு நூல்களிலும் ஒரே வரிசையில் வருதல் காண்க. உபநிடதம் உண்மையெனக் கொண்ட எண்ணத்தைப் பௌத்த நூல் மயக்கமெனக் காட்டுகின்றது. முன்னே வந்தவன் என்பதனாலும், விரும்பியது நிகழ்ந்தது என்பதனாலும் ஒருவன் ஒன்றுக்குக் காரணனாகிவிடான் என்பது அதன் வாதம். அன்றியும், இக்கதையிலே பொய் சொன்னவர் எவருமில்லர். பிரமனும் மெய்யாகவே நம்பினான்; பின் வந்தோரும் மெய்யாகவே நம்பினர்; துறவியும் தான் நினைவுகூர்ந்ததையே கூறினான். தம் நினைவின் எல்லையை உலகத்தின் எல்லையாகக் கொண்டமையே அவர்கள் பிழை. அப்பிழை தேவர்க்கு மாத்திரம் உரியதன்று.

அறியாமையை மறைத்தோன்

கேவத்த சூத்திரத்திலே வேறொரு கதை உண்டு. நிலம், நீர், தீ, வளி என்னும் நாற்பூதங்களும் எச்சமின்றி எங்கே ஒழியும் என்று அறிய விரும்பினான் ஒரு பிக்கு. தியான வலியால் தேவருலகங்களுக்குச் சென்று ஒவ்வொரு கூட்டத்தாரையும் வினவினான். ஒவ்வொருவரும், தமக்குத் தெரியாது என்றும், மேலுள்ளோர் அறிவர் என்றும் கூறி அனுப்பினர். ஈற்றிலே பிரமனுடைய பரிவாரத்தாரை அடைந்தான். அப்பொழுது பேரொளி தோன்ற, மகாபிரமன் அங்கே வெளிப்பட்டான். பிக்கு தன் வினாவைக் கேட்டான். பிரமனோ, தானே மகாபிரமன், அனைத்தையும் காண்போன், படைப்போன், உயிர்களின் தந்தை என்று தன் பெருமைகளை அடுக்கினான். "நான் அதைக் கேட்கவில்லை" என்றான் பிக்கு. மீண்டும் அதே விடை. மீண்டும் அதே மறுப்பு. முடிவிலே பிரமன் பிக்குவின் கையைப் பற்றி ஒருபுறம் அழைத்துச் சென்று, தான் அறியாதது ஒன்றுமில்லை என்று பரிவாரத்தார் நம்பியிருப்பதால் அவர்கள் முன்னிலையில் விடைகூறவில்லை என்றும், அவ்வினாவுக்கு விடை தனக்கும் தெரியாது என்றும், புத்தரை அடைந்து கேட்குமாறும் கூறினான்.

இக்கதையைக் கேட்ட இந்துவொருவன் மனம் புண்படுவானாயின், அவன் தன் வீட்டுக் கந்தபுராணத்தை எடுத்துப் படித்தல் நன்று. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியர் அருளிய அந்நூலின் உற்பத்தி காண்டத்திலே பிரமன் சிறைப்பட்ட வரலாறு வருகின்றது. கயிலையிலே சிவபெருமானை வணங்கி மீண்ட பிரமன், அங்கு வீற்றிருந்த குமரக்கடவுளைச் சிறுவர் என்றெண்ணி வணங்காது சென்றான். பெருமான் அவனை அழைத்து, அவன் தொழிலையும் கல்வியையும் வினவினார். படைத்தல் தன் தொழில் என்றும், வேதம் தான் உணர்ந்தது என்றும் அவன் கூறினான். வேதம் ஓதுமாறு பணித்தார். அவன் பிரணவத்தை முன்னே கூறி ஓதத் தொடங்கினான். அந்த ஓரெழுத்தின் பொருளைக் கூறு என்றார். படைத்தவன் வாய் அடைத்து நின்றான். குமரக்கடவுள் அவன் தலைகளிலே குட்டிச் சிறையிலிட்டுப் படைத்தற்றொழிலைத் தாமே நடத்தினார். சிவபெருமானே எழுந்தருளி வந்து கேட்ட பின்னரே பிரமன் சிறை நீங்கினான்.

ஈண்டுக் கருதத்தக்கது, சிறை நீங்கிய பிரமன் கூறுவதாகக் கச்சியப்பர் வைத்த மறுமொழியாகும். குமரன் தந்த தண்டனை தனக்குத் தீங்கன்று என்றும், அது தனக்கு உணர்வை நல்கி, யான் என்னும் அகந்தையைப் போக்கித் தன்னைத் தூய்மை செய்தது என்றும் அவன் சிவபெருமானிடம் விண்ணப்பிக்கிறான். பகைவரை இழிவுபடுத்தும் கதையில் இத்தகைய மறுமொழிக்கு இடமில்லை. மாணவனைத் திருத்தும் கதையிலேயே அதற்கு இடமுண்டு.

இவ்வாறே அண்ணாமலையிலே சோதிப் பிழம்பின் முடியைக் காண அன்னமாய்ப் பறந்து காணாது மீண்டான் பிரமன். தாழம்பூவைப் பொய்ச்சான்று கூறச் செய்தான் என்பனவும் உள. திருக்கண்டியூரிலே அவன் ஐந்தாம் தலை கொய்யப்பட்ட வரலாறு அட்டவீரட்டங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. மச்சிம நிகாயத்திலே, தன் உலகமே நிலையானது என்று கருதிய பகன் என்னும் பிரமன், புத்தர் காணாவகை மறைந்து காட்டுவேன் என்று முயன்று மறைய மாட்டாதவன் ஆயினான். புத்தரோ தம் குரல் மாத்திரம் கேட்ப மறைந்து நின்றார். காண முயன்று காணாமையும், மறைய முயன்று மறையாமையும் ஒரே பாடத்தின் இருவேறு கணக்குகளேயாம்.

பாளிப் பிடகங்கள் எழுத்துருப் பெற்றது கி. மு. முதலாம் நூற்றாண்டிலே, வட்டகாமணி அபயன் காலத்தில், மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் என்பது மரபு. கந்தபுராணமோ யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே, ஒருவர் செய்யுள் வாசிக்க மற்றொருவர் பொருள் விரிக்கத் தலைமுறை தலைமுறையாகப் படனம் செய்யப்பட்டு வரும் நூல். அகந்தையுற்ற படைப்போன் திருத்தப்பட்ட கதையை இத்தீவின் இரு சமயத்தாரும் தத்தம் மொழியிலே பேணி வந்துள்ளனர். இதனை அறிந்தோன் "அவர்கள் நம்மை இகழ்ந்தனர்" என்று கூறத் துணியான்.

வேறுபாட்டை மறைத்தலாகாது

அங்ஙனமாயின் இரண்டும் ஒன்றே எனலாமோ? ஆகாது. ஒற்றுமை கண்ட மகிழ்ச்சியிலே வேறுபாட்டை மறைத்தல் இரு சமயத்துக்கும் செய்யும் அநீதியாம்.

படைத்தோனைக் குறைகூறும் குரல் தமிழிலே மிகப் பழமையானது. ஒரு வீட்டிலே சாப்பறை ஒலிக்க, மற்றொரு வீட்டிலே மணமுழவு ஒலிக்கக் கேட்ட பக்குடுக்கை நன்கணியார், இவ்வாறு உலகை அமைத்தவன் பண்பற்றவன் என்று புறநானூற்று 194ஆம் பாட்டிலே கடிந்துரைத்தார். பிறரிடம் இரந்தே உயிர்வாழ வேண்டும் என்று விதித்திருப்பானாயின், உலகைச் செய்தவன் தானும் அலைந்து கெடுவானாக என்று இரவச்ச அதிகாரத்திலே வள்ளுவர் சபித்தார். பௌத்தர்களின் பூரிதத்த சாதகமும், பிரமன் உலகுக்கெல்லாம் தலைவனாயின் இத்துணைத் துன்பத்தையும் பொய்யையும் அநீதியையும் ஏன் வைத்தான் என்று வினவுகின்றது. பசியையும் சாவையும் கண்ட மனிதர் எந்நாட்டிலும் கேட்கும் வினாவே இது.

வினா ஒன்றாயினும் விடைகள் வேறு. பௌத்தம், வினைக்குப் பயன் உண்டு, வகுப்போன் இல்லை என்றது. ஒன்று சார்ந்து மற்றொன்று தோன்றும் தொடர்பே உலகம். அத்தொடரின் தலைமாட்டிலே அமர்த்துதற்கு ஒருவன் வேண்டுவதில்லை. வேதாந்தமோ, இறைவன் உயிர்களின் வினைக்கேற்பவே படைக்கிறான் ஆதலின் அவனிடத்துப் பாரபட்சமும் இல்லை, கொடுமையும் இல்லை என்று பிரமசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்திலே விடையிறுத்தது. சைவசித்தாந்தம் இன்னும் ஒருபடி சென்று, தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் இறைவன் உயிர்களுக்குக் கொடுப்பது அவற்றின் மலப்பிணி நீங்குதற்கே என்றது. நோயாளிக்கு மருந்து போன்றது படைப்பு என்பது கருத்து.

படைப்போன் முழுமுதல் ஆகாமைக்குச் சிவஞானபோதத்து முதற் சூத்திரமே காரணம் காட்டுகின்றது. உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது. எல்லாம் ஒடுங்கும்போது எவனிடத்தே ஒடுங்குகின்றனவோ, அவனிடமிருந்தே மீளவும் தோன்றுதல் வேண்டும். படைத்தோனும் காத்தோனும் ஒடுங்கும் அவ்விடத்திலே எஞ்சி நிற்போனே முதல்வன். ஆகவே, பிரமனை அவன் இருக்கையிலிருந்து இறக்கிய பின்னர், இந்து மரபு அவ்விருக்கைக்கு மேலும் ஓர் இருக்கையைக் கண்டது. பௌத்தம் இருக்கையே வேண்டா என்றது. இது சிறிய வேறுபாடன்று. இதனைத் தெளிவாகக் கூறுதலே இரு சமயத்தையும் மதித்தலாகும். மணிமேகலைக் காப்பியத்திலே, வஞ்சிமாநகரில் சமயவாதிகள் பலரையும் வினவிய மணிமேகலை, உலகனைத்தும் ஒரு தேவன் தந்த முட்டை என்ற பிரமவாதியின் கூற்றையும் இருந்து கேட்டாள். அவள் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் கேளாது விடவுமில்லை. தமிழ் தந்த பௌத்தக் காப்பியம் கற்பிக்கும் முறை இதுவாம்.

சகம்பதியின் வேண்டுகோள்

பௌத்தம் பிரமனைத் திருத்தியதோடு விட்டுவிடவில்லை. அவனுக்கு ஓர் உயர்ந்த பணியையும் கொடுத்தது. மெய்யுணர்வு பெற்ற புத்தர், தாம் கண்ட அறம் ஆழமானது, ஆசை வயப்பட்ட உலகத்தாருக்கு விளங்காது என்று கருதிப் போதிக்கத் தயங்கினார். அதனை அறிந்த சகம்பதி என்னும் பிரமன், உலகம் அழிந்தது என்று வருந்தி, அவர் முன் தோன்றி, மேலாடையை ஒரு தோளிலே இட்டு, முழந்தாளிட்டுக் கைகூப்பி, கண்ணிலே சிறிதளவே தூசி படிந்தோரும் உலகில் உளர், கேளாமையால் அவர் கெடுவர், போதித்தருள்க என்று வேண்டினான். புத்தர் உலகை நோக்கினார். குளத்துத் தாமரைகளுட் சில நீருள் மூழ்கியும், சில நீர்மட்டத்தில் நின்றும், சில நீருக்கு மேலெழுந்தும் இருத்தல் போல மாந்தரும் பல நிலையினர் எனக் கண்டு போதிக்க இசைந்தார். உலகைப் படைத்தேன் என்று எண்ணிய பிரமனைவிட, உலகுக்காக இரந்து நின்ற இப்பிரமன் எத்துணை உயர்ந்தவன்! தாய்லாந்திலே பிக்குவை அறவுரை கூற வேண்டும்போது சகம்பதியின் இவ்வேண்டுகோளைக் குறிக்கும் பாளிச் செய்யுளையே ஓதுகின்றனர்.

இதனாலேயே பௌத்தக் கலையிலும் பிரமனுக்கு இடம் உண்டு. ஆப்கானித்தானத்துச் சலாலாபாத்துக்கு அண்மையில் கண்டெடுக்கப்பட்டு, இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ள பீமரான் பொற்பேழையிலே, புத்தரின் இருபுறத்தும் பிரமனும் இந்திரனும் நிற்கின்றனர். யப்பானிலே கியோத்தோ நகரத்துத் தோசி ஆலயத்தில், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த நான்முகப் பிரமன் வாத்துகள் தாங்கும் பீடத்தில் அமர்ந்திருக்கிறான். அங்கே அவன் பெயர் போன்தென். நம் அன்னம் அங்குச் சென்று வாத்தாயிற்று. தாய்லாந்துத் தலைநகர் பாங்கொக்கிலே 1956ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட எராவன் சந்நிதியிலும் நான்முகனே மூர்த்தி. 2006இல் அச்சிலை உடைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே புதிய சிலை வைக்கப்பட்டது. 2015 ஆகத்து 17இல் அங்கே வெடித்த குண்டினால் இருபதின்மர் உயிரிழந்தனர். ஆயினும் மாலைகளோடு வருவோர் குறையவில்லை. பௌத்த நாடொன்றின் நடுவீதியிலே பிரமன் இத்துணை வணங்கப்படுதல் அறியத்தக்கது.

பிரமனாதல்

பௌத்த நூல்கள் அன்பு, அருள், பிறர் ஆக்கங்கண்டு மகிழ்தல், நடுவுநிலை என்னும் நான்கையும் பிரமவிகாரம் என்றன. தேவிச்ச சூத்திரத்திலே, பிரமனை அடையும் வழியை வினவிய பிராமண இளைஞர் இருவருக்கு, இந்நான்கையும் எல்லாத் திசைகளிலும் பரப்புதலே வழி என்று புத்தர் உரைத்தார். முண்டக உபநிடதமோ, தேவருள் முதல்வனாகிய பிரமன் தன் மூத்த மைந்தனாகிய அதர்வனுக்குப் பிரமவித்தையைக் கற்பித்தான் என்று தொடங்குகின்றது. ஒரு மரபிலே அவன் ஓர் ஒழுக்கத்தின் பெயர். மற்றொரு மரபிலே ஆசிரிய பரம்பரையின் முதலாவான். ஆசிரியனைப் பிரமன் என்று வணங்கும் நம் வழக்கத்தின் பொருளும் இதுவே.

அங்குத்தர நிகாயம் இன்னும் ஒன்று கூறுகின்றது. பிள்ளைகளுக்குத் தாய் தந்தையரே பிரமன். பெற்று வளர்த்து, ஊட்டிக் காத்து, உலகத்தைக் காட்டுவோர் அவராதலின் அப்பெயர் அவர்க்கு உரியது. நான்கு முகம் கொண்டவனைக் காணாதவனும், கோயிலிலே அவனைக் கடந்து சென்றவனும் தன் வீட்டிலே நாள்தோறும் பிரமனைக் காண்கிறான் என்பது இதனால் தெளிவாகின்றது.

மாணவச் செல்வங்களே, ஓரெழுத்தின் பொருளை அறியாமை பிரமனுக்கும் உண்டாயிற்று, அதனாற் சிறுமையில்லை. கூட்டத்தார் முன்னிலையிலே அறிந்தவன் போல நின்றமையே சிறுமை. பழைய மாணவர்களாய் இவ்விழா மலரைக் கையிலேந்தும் பெரியோர்களும், நம் போன்று வகுப்பறையிலே நிற்கும் ஆசிரியர்களும் இதனைத் தம் பாடமாகவே கொள்ளல் தகும். பதவி, வயது, பட்டம் ஆகிய மூன்றும் நமக்கு ஒவ்வொரு பிரம மாளிகையைக் கட்டித் தருவன. நமக்கு முன்னே அது வெறுமையாயிருந்தது என்பதனால், அதற்குள் வந்தவரையெல்லாம் நாமே ஆக்கினோம் என்று கருதுதல் எளிது. கல்லூரியும் அத்தகையதே. ஒவ்வொரு தலைமுறையும், தான் வந்த பின்னரே அது தோன்றியதெனக் கொள்ளும். முன்னே இருந்தோரும் பலர். இனி வருவோரும் பலர். இடையிலே நின்று, தெரிந்ததைக் காட்டித் தெரியாததைத் தெரியாதென்று கூறி, மேலும் அறிந்தோரிடத்து அனுப்பி வைப்பவனே உலகத்தைக் காட்டுவோன். அவனைப் பிரமன் என்று அழைப்பதிலே இரு சமயத்தாருக்கும் வேற்றுமை இல்லை.